நெரிசலில் ஊரும் காருக்கு எந்தக் கியர்பாக்ஸ்? டபுள் கிளட்ச், மேனுவல் ஒப்பீடு

டர்போ பெட்ரோல் கார் வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் ஒரு கட்டத்தில் வந்து நிற்கும் கேள்வி இது: மேனுவல் எடுக்கலாமா, டி.சி.டி. எடுக்கலாமா? பதில் சொல்லவும் ஆள் பஞ்சமில்லை. நகரத்துக்குள் ஓட்டுகிறீர்களா, ஆட்டோமேட்டிக் எடுங்கள். ஓட்டும் சுகம் வேண்டுமா, மேனுவல் எடுங்கள் என்பார்கள். பொதுவாக ஆட்டோமேட்டிக் வண்டிகளுக்கு இது சரியான யோசனைதான். ஆனால் டி.சி.டி. எனப்படும் டபுள் கிளட்ச் கியர்பாக்ஸுக்கு, அதிலும் எண்ணெயில் நனையாமல் காற்றில் மட்டும் குளிரும் உலர் கிளட்ச் கொண்ட வகைக்கு, இது ஏறக்குறைய தலைகீழ். தினமும் இரண்டு மணி நேரம் நெரிசலில் ஊர்ந்து போகிறவருக்குத்தான் ஆட்டோமேட்டிக் மிகவும் தேவை. அந்த ஊர்தல்தான் உலர் டபுள் கிளட்சை மற்ற எதையும்விட அதிகமாக வதைக்கிறது. விற்பனைக்கூடத்தில் இந்தப் பேச்சே எழுவதில்லை. பதினைந்து, இருபது லட்சம் ரூபாய் கொடுத்து வாங்குகிறவருக்கு முதலில் தெரிய வேண்டிய விஷயம் இது என்று நினைக்கிறேன்.

பேச்சு காற்றோடு போகாமலிருக்க ஒரு காரை எடுத்துக்கொள்வோம். ஹூண்டாய் வெர்னா, 1.5 லிட்டர் டர்போ பெட்ரோல். 2023இல் வந்த இந்தத் தலைமுறை ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் தயாராகிறது. 160 பி.எஸ். திறன், 253 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. ஒரே எஞ்சினுக்கு 6 கியர் மேனுவலும் 7 கியர் டி.சி.டி.யும் கொடுத்தார்கள். க்ரெட்டா என் லைனிலும் இப்படி இரண்டும் வந்தன. எஞ்சினும் உடலும் ஒன்றாக இருந்து கியர்பாக்ஸ் மட்டும் மாறினால்தான் ஒப்பீடு நேர்மையாக இருக்கும். ஃபோக்ஸ்வாகன் விர்டஸ், டைகுன், ஸ்கோடா ஸ்லாவியா, குஷாக் ஆகியவற்றின் 1.5 லிட்டர் எஞ்சினோடு வந்த 7 கியர் டி.எஸ்.ஜி.யும் (ஃபோக்ஸ்வாகன் டி.சி.டி.க்கு வைத்த பெயர்) வெர்னாவினுடையது போல உலர் கிளட்ச் இனம்தான். ஆகவே வெர்னாவைப் பற்றிச் சொல்வதில் பெரும்பகுதி அவற்றுக்கும் பொருந்தும். டாடா அல்ட்ராஸிலும் நெக்ஸானிலும் டி.சி.ஏ. என்ற பெயரில் வந்தது ஈரக் கிளட்ச் வகை. அந்த வேறுபாடு சிறியதல்ல; அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

உள்ளே நடப்பது

மேனுவலில் எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் ஒரு கிளட்ச் பிளேட் இருக்கிறது. இடது காலால் மிதித்தால் விலகும், காலை எடுத்தால் பிடிக்கும். கியர் மாற்றுகிற அந்தச் சிறு பொழுதில் சக்கரங்களுக்குச் சக்தி போவதில்லை. இந்த இடைவெளியை ஒழிப்பதற்காகப் பிறந்ததுதான் டபுள் கிளட்ச். 1, 3, 5, 7ஆம் கியர்கள் ஒரு தண்டில், அதற்கென்று ஒரு கிளட்ச். 2, 4, 6ஆம் கியர்கள் இன்னொரு தண்டில், அதற்கு வேறொரு கிளட்ச். ஒரு தண்டு குழாய் போல உள்ளீடற்றது; மற்றது அதனுள்ளேயே சுழல்கிறது. நீங்கள் மூன்றாம் கியரில் வேகமெடுத்துக்கொண்டிருக்கும்போதே கணினி நான்காம் கியரை மறு தண்டில் கோத்துத் தயாராக வைத்துவிடுகிறது. வேளை வந்ததும் ஒரு கிளட்ச் விலகுகிறது, அதே நொடியில் மற்றது பிடிக்கிறது. இழுவை அறுபடுவதில்லை. எஞ்சின் சுழலும் வேகத்தைக் காட்டும் டாக்கோமீட்டர் முள் இறங்குவதைப் பார்த்துத்தான் கியர் மாறியதே தெரியும்.

யோசனை பழையது. பிரெஞ்சுப் பொறியாளர் அடால்ஃப் கெக்ரெஸ் 1939இலேயே இதை வடிவமைத்துவிட்டார். 1980களில் போர்ஷே தன் பந்தயக் கார்களில் ஓட்டிப் பார்த்தது. சாதாரண வாடிக்கையாளர் கைக்கு 2003இல் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஆர்32 வழியாக வந்து சேர்ந்தது. கிளட்சை மிதித்து விடும் கால் செய்கிற வேலையைச் செய்யும் அளவுக்குக் கணினியும் ஹைட்ராலிக் வால்வுகளும் வளர அத்தனை காலம் பிடித்தது.

இந்த வரலாற்றைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. டி.சி.டி.யின் உள்ளே இருப்பது மேனுவல் கியர்பாக்ஸ்தான். உங்கள் கால் செய்வதைக் கணினி செய்கிறது, அவ்வளவே. கிளட்ச் பிளேட் உண்டு, அது உரசும், சூடாகும், தேயும். பழைய முறையான டார்க் கன்வெர்ட்டர் ஆட்டோமேட்டிக் அப்படியில்லை. அதில் எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் இடையே வண்டியைக் கிளப்புவது எண்ணெய். வண்டி நின்று நின்று நகரும்போது வழுக்குவது எண்ணெய்தான். அது சூடானாலும் குளிர்விக்க வழி இருக்கிறது, அந்த இடத்தில் தேய்வதற்குப் பிளேட் இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டிலும் இரண்டே பெடல், ஒரே மாதிரி கியர் லீவர். இந்த ஒற்றுமையைப் பார்த்து இரண்டையும் ஒன்று என்று நினைத்து வாங்குவதிலிருந்துதான் பிற்பாடு வரும் மனக்கசப்புகளில் பெரும்பாலானவை தொடங்குகின்றன.

ஊர்தலின் சூடு

மெட்ரோ பணிகளால் குறுகிய பழைய மகாபலிபுரம் சாலையில், பெருங்குடியிலிருந்து சோழிங்கநல்லூர் வரை மாலை ஏழு மணிக்குப் போகும் காரை நினைத்துக்கொள்ளுங்கள். வேகம் மணிக்கு 3, 4 கிலோமீட்டர். முன்னே ஒரு ஷேர் ஆட்டோ, பக்கவாட்டில் நுழையப் பார்க்கும் பைக்குகள். முதல் கியரில், ஆக்சிலரேட்டரைத் தொடாமல், கிளட்ச் முழுதாகப் பிடித்த நிலையில் ஒரு பெட்ரோல் கார் தானாக நகரும் வேகம் 6, 7 கிலோமீட்டர் இருக்கும். அதைவிட மெதுவாகப் போக வேண்டுமென்றால் கிளட்ச் பாதி பிடித்தும் பிடிக்காமலும் வழுக்கித்தான் ஆக வேண்டும். இது மேனுவலுக்கும் டி.சி.டி.க்கும் பொதுவான இயற்பியல்.

வேறுபாடு ஓட்டுநரிடம் இருக்கிறது. மேனுவல் ஓட்டுகிறவர் இந்த நெரிசலில் என்ன செய்கிறார் என்று கவனித்துப் பாருங்கள். முன்னே ஒரு கார் நீளத்துக்கு இடம் விழும்வரை நியூட்ரலில் காத்திருக்கிறார். இடம் விழுந்ததும் முதல் கியரைப் போட்டு, கிளட்சை முழுதாக விட்டு, ஒரே நகர்வில் போய் நின்றுவிடுகிறார். அவருக்கு இயந்திரவியல் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கால் வலிக்கிறது, அதனால் அப்படிச் செய்கிறார். அந்த வலி கிளட்சைக் காப்பாற்றுகிறது. அதையும் மீறி அரைக் கிளட்சிலேயே ஓட்டினால் எரிந்த வாடை மூக்குக்கு வந்துவிடும். டி.சி.டி. ஓட்டுகிறவருக்கு இந்தச் சமிக்ஞைகள் எதுவும் இல்லை. பிரேக் பெடலில் காலை மெல்லத் தளர்த்துகிறார், வண்டி அரை அடி நகர்கிறது, மறுபடி அழுத்துகிறார். சுகமாக இருக்கிறது. அவர் காலைத் தளர்த்தும் ஒவ்வொரு தடவையும் கணினி கிளட்சை வழுக்கவிட்டு வண்டியை நகர்த்துகிறது. ஒரு மாலையில் இது சில நூறு தடவை நடக்கும். உலர் கிளட்சுக்குக் காற்றைத் தவிரக் குளிர்விக்க வேறு எதுவும் கிடையாது. ஊரும் காரின் பானெட்டுக்கு அடியில், மே மாதச் சென்னையில், அந்தக் காற்றும் கொதித்துக்கொண்டிருக்கும்.

சூடு ஏறினால் முதலில் தெரிவது நடுக்கம். முதல் கியரிலிருந்து இரண்டுக்குப் போகும்போது, 10 முதல் 20 கிலோமீட்டர் வேகத்துக்குள், வண்டி லேசாக உதறும். இன்னும் ஏறினால் திரையில் கியர்பாக்ஸ் வெப்பம் அதிகம், பாதுகாப்பான இடத்தில் நிறுத்துங்கள் என்று எச்சரிக்கை வரும். ஏற்றத்தில் பிரேக் பிடிக்காமல் ஆக்சிலரேட்டரை மட்டும் அழுத்தி வண்டியை நிறுத்தி வைக்காதீர்கள் என்று ஹூண்டாயின் கையேடே எச்சரிக்கிறது. டார்க் கன்வெர்ட்டர் ஓட்டிப் பழகியவர்கள் மேம்பாலச் சரிவில் சர்வசாதாரணமாகச் செய்வது அதுதான்.

இது வெறும் அச்சம் என்று தள்ளிவிட முடியாதபடி உலக அனுபவமும் இருக்கிறது. ஃபோக்ஸ்வாகன் தன் டி.எஸ்.ஜி. பிரச்சினைகளுக்காக 2013 மார்ச்சில் சீனாவில் 3,84,181 கார்களைத் திரும்ப அழைத்தது. அதே ஆண்டு நவம்பரில் உலகம் முழுவதும் சுமார் 16 லட்சம் கார்களில் 7 கியர் டி.எஸ்.ஜி.யின் செயற்கை எண்ணெயை மாற்றித் தரும் வேலையில் இறங்கியது. வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த சூழலில் அந்த எண்ணெய் மின்கோளாறுக்கு இடம் கொடுக்கலாம் என்பதுதான் காரணம். வெப்பமும் ஈரப்பதமும் என்றால் அது நம் கடற்கரை ஊர்களின் வானிலை. ஃபோர்டின் பவர்ஷிஃப்ட் உலர் டபுள் கிளட்ச் கதை இன்னும் கசப்பானது. நடுக்கம் பற்றிய புகார்களை வாடிக்கையாளர்களிடம் கையாண்ட விதத்துக்காக 2018இல் ஆஸ்திரேலிய ஃபெடரல் நீதிமன்றம் அந்நாட்டு ஃபோர்டு நிறுவனத்துக்கு 1 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது.

பத்துப் பதினைந்து ஆண்டுகளில் மென்பொருளும் கிளட்ச் பொருளும் மேம்பட்டிருக்கின்றன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இன்றைய டி.சி.டி. அந்தப் பழைய பவர்ஷிஃப்ட் அல்ல. உலர் கிளட்ச் காற்றில்தான் குளிர வேண்டும் என்ற அடிப்படை மட்டும் மாறவில்லை.

ஈரக் கிளட்ச் இந்த இடத்தில்தான் பிரிகிறது. அதில் கிளட்ச் பிளேட்டுகள் எண்ணெயில் நனைந்தபடி இயங்குகின்றன. உரசலில் எழும் சூட்டை எண்ணெய் எடுத்துக்கொண்டு போகிறது. ஊர்தலை அது நன்றாகவே தாங்கும். அந்த எண்ணெயைச் சுழற்றக் கொஞ்சம் சக்தி செலவாகும், குறிப்பிட்ட கிலோமீட்டருக்கு ஒருமுறை எண்ணெயும் ஃபில்டரும் மாற்ற வேண்டும். ஆகவே டி.சி.டி. என்று சொல்லும் விற்பனையாளரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, உலர் கிளட்சா, ஈரக் கிளட்சா என்பது. பதில் தெரியவில்லை என்றால் சர்வீஸ் பிரிவில் போய்க் கேளுங்கள், அங்கே தெரிந்திருக்கும்.

நெடுஞ்சாலையில் படம் மாறுகிறது

இவ்வளவு நேரம் குறை சொன்ன அதே கியர்பாக்ஸைச் செங்கல்பட்டுச் சுங்கச்சாவடியைத் தாண்டி திருச்சி நெடுஞ்சாலையில் ஓட்டிப் பாருங்கள். அங்கே டி.சி.டி.க்கு நிகராக மேனுவலைச் சொல்ல எனக்கு மனம் வராது. கிளட்ச் முழுதாகப் பிடித்திருப்பதால் டார்க் கன்வெர்ட்டரின் இழுவை இழப்பு இல்லை. ஏழாவது கியர் இருப்பதால் 100 கிலோமீட்டர் வேகத்தில் எஞ்சின் அமைதியாக ஓடுகிறது. வெர்னா டர்போவுக்கு வாகனச் சோதனை அமைப்பான ஏ.ஆர்.ஏ.ஐ. சான்றளித்த மைலேஜ் மேனுவலில் லிட்டருக்கு 20 கிலோமீட்டர், டி.சி.டி.யில் 20.6. ஆட்டோமேட்டிக் என்றால் பெட்ரோலை விழுங்கும் என்ற பழைய நம்பிக்கை இந்த வகைக்குப் பொருந்தவே பொருந்தாது. சென்னையிலிருந்து திருநெல்வேலிக்கு 600 கிலோமீட்டருக்கு மேல் ஒரே மூச்சில் ஓட்டுகிறவர் விருதுநகரைத் தாண்டும்போது எவ்வளவு களைத்திருக்கிறார் என்பதிலும் வித்தியாசம் தெரியும்.

இரண்டு வழிச் சாலையில் லாரியை முந்துவது மட்டும் தனியாகக் கவனிக்க வேண்டியது. டி.சி.டி. அடுத்த கியரை ஊகித்து முன்கூட்டியே கோத்து வைக்கிறது என்று சொன்னேன். லாரிக்குப் பின்னால் ஐந்தாம் கியரில் சீராகப் போய்க்கொண்டிருக்கிறீர்கள். அது ஆறாம் கியரைக் கோத்து வைத்திருக்கிறது. எதிரே வழி திறந்ததும் ஆக்சிலரேட்டரை ஒரேயடியாக அழுத்துகிறீர்கள். உங்களுக்கு வேண்டியது மூன்றாம் கியர். மூன்று, ஐந்து இரண்டும் ஒரே தண்டில் இருப்பவை. நேராகத் தாவ முடியாது. கோத்து வைத்த ஆறைக் கழற்றி, நான்கைக் கோத்து, அதன் வழியாக மூன்றுக்கு வர வேண்டும். இதற்கெல்லாம் ஆகும் நேரம் ஒரு நொடிக்குள்தான் என்றாலும், எதிரே பஸ் வரும்போது அந்தத் தயக்கம் நெஞ்சில் உறைக்கும். மேனுவலில் இந்தத் தயக்கம் இல்லை, ஏனென்றால் முந்தப் போவது உங்களுக்குத் தெரியும், முன்பே கியரைக் குறைத்துவிடுவீர்கள். டி.சி.டி.யிலும் அதையே செய்யலாம். ஸ்டியரிங்குக்குப் பின்னாலுள்ள, கியர் குறைக்கும் பேடிலை இரண்டு தடவை தட்டி மூன்றாம் கியரில் காத்திருங்கள், அல்லது ஸ்போர்ட் நிலையில் போட்டுவிடுங்கள். அதன் பிறகு அது பாயும் பாய்ச்சலை எந்த மனிதக் காலும் கையும் எட்ட முடியாது. இதை ஒருமுறை பழகிக்கொண்டவர்கள் பேடிலை விடுவதில்லை. கார் வாங்கிய பலர் அதைத் தொட்டதே இல்லை என்பதுதான் வருத்தம்.

மலைப்பாதையில் இரண்டுக்கும் சமமான மதிப்பெண் கொடுப்பேன், நிபந்தனையோடு. வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள், கொல்லிமலைக்கு 70. சாலை காலியாக இருந்தால் டி.சி.டி. அங்கே அற்புதம். வளைவுக்கு முன் பேடிலால் இரண்டாம் கியருக்கு இறக்கி, வளைவின் நடுவில் ஆக்சிலரேட்டர் கொடுத்தால், கைகள் ஸ்டியரிங்கை விட்டு விலகாமலேயே ஏறிவிடலாம். விடுமுறை நாளில் ஏற்றத்தில் ஒரு அரசு பஸ்ஸுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால்தான் சோதனை. நெருக்கமாகப் போய் ஊர்ந்துகொண்டே இருந்தால் ஐந்தாறு வளைவுகளுக்குள் வெப்ப எச்சரிக்கை வரலாம். நன்றாக இடைவெளி விட்டு, பிரேக் பிடித்து முழுதாக நின்று, பஸ் வளைவைக் கடந்ததும் ஒரே இழுப்பில் ஏறுவதுதான் வழி. இறக்கத்தில் இரண்டிலும் ஒரே விதி: ஏறும்போது எந்தக் கியரோ இறங்கும்போதும் அதே கியர். டி.சி.டி.யில் கியர் தானாக மாறும் 'டி' நிலையில் விட்டுவிட்டு பிரேக்கை மட்டும் நம்பி இறங்குகிறவர்கள் பிரேக்கைச் சுட்டெரிக்கிறார்கள். மேனுவல் நிலைக்கு மாற்றிக் கியரைப் பிடித்து வைக்க அதில் வசதி இருக்கிறது, பயன்படுத்த வேண்டும்.

செலவு

விலைப் பட்டியலில் ஒரே வசதிகள் கொண்ட மேனுவலுக்கும் டி.சி.டி.க்கும் இடைவெளி ஒரு லட்சத்துக்கும் மேல். கடனில் வாங்கினால் வட்டியோடு இன்னும் கூடும். ஆனாலும் உண்மையான செலவு வேறுபாடு வாரண்டி முடிந்த பிறகுதான் தெரியும். மேனுவலில் கிளட்ச் போனால் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்து மாற்றுவார்கள். பத்தாயிரங்களில் பேசப்படும் செலவு அது, ஊர் மெக்கானிக்கும் செய்வார். டி.சி.டி.யில் இரட்டைக் கிளட்சும், அதை இயக்கும் மின்னணு, ஹைட்ராலிக் அல்லது மோட்டார் அமைப்பும் போனால் லட்சங்களில் பேச வேண்டும். மாற்றுவதற்குத் தனிக் கருவிகள் வேண்டும், மாற்றிய பின் கணினியை இணைத்துக் கிளட்ச் பிடிக்கும் புள்ளியைக் கற்பிக்க வேண்டும். தென்காசியில் இருப்பவர் வண்டியைத் தூக்கிக்கொண்டு திருநெல்வேலிக்கோ மதுரைக்கோ போக நேரலாம். தூக்கிக்கொண்டு என்றே சொல்கிறேன்; முன்சக்கரங்கள் தரையில் உருள டி.சி.டி. வண்டியைக் கயிறு கட்டி இழுத்துப் போகக்கூடாது. பேட்டரி இறங்கினால் தள்ளி ஸ்டார்ட் செய்யும் வழியும் இதில் கிடையாது.

மேனுவலின் கிளட்ச் ஆயுள் முழுக்க ஓட்டுநரைப் பொறுத்தது. கிளட்ச் பெடலிலேயே காலை வைத்தபடி ஓட்டுபவர் 30,000 கிலோமீட்டரில் முடித்துவிடுவார். பக்குவமாக ஓட்டுபவர் ஒரு லட்சத்தைத் தாண்டுவார். டி.சி.டி.யிலும் அப்படித்தான், அங்கே பழக்கம் பிரேக் காலில் இருக்கிறது என்பது மட்டுமே மாற்றம்.

வாரண்டியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பிரேக் பேட், வைப்பர் போலக் கிளட்ச் பிளேட்டையும் தேய்மானப் பொருள் என்று விலக்கி வைப்பது வழக்கம். கியர்பாக்ஸுக்கு வாரண்டி உண்டு என்று வாயால் சொல்வதைக் கேட்டு நிம்மதி அடையாதீர்கள். டபுள் கிளட்ச் தொகுதி வாரண்டிக்குள் வருமா, நீட்டித்த வாரண்டியிலும் வருமா என்று எழுத்தில் வாங்குங்கள். டி.சி.டி. எடுப்பதாக முடிவு செய்தால், கிடைக்கும் அதிகபட்ச ஆண்டுகளுக்கு வாரண்டியை நீட்டிப்பதைக் காரின் விலையிலேயே சேர்த்துக் கணக்கிடுங்கள். அந்தத் தொகை கட்டுப்படியாகவில்லை என்றால் டி.சி.டி.யும் கட்டுப்படியாகவில்லை என்றே பொருள்.

யாருக்கு எது

தாம்பரத்திலிருந்து சிறுசேரிக்கோ, கோயம்பேட்டிலிருந்து கிண்டிக்கோ தினமும் அலுவலக நேரத்தில் போய்வருபவர், காரின் வாழ்நாளில் முக்கால்வாசி அதிலேயே கழியும் என்றால், உலர் டி.சி.டி.யை வாங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அவருக்கு ஆட்டோமேட்டிக் வேண்டாம் என்று சொல்லவில்லை. வேறு ஆட்டோமேட்டிக் வேண்டும் என்கிறேன். வெர்னாவிலேயே டர்போ இல்லாத 1.5 லிட்டர் எஞ்சினோடு ஐ.வி.டி. என்ற, படிப்படியான கியர்கள் இல்லாத ஆட்டோமேட்டிக் வந்தது. க்ரெட்டா, செல்டோஸ் டீசலில் 6 கியர் டார்க் கன்வெர்ட்டர் கொடுத்தார்கள். விர்டஸ், ஸ்லாவியாவின் 1 லிட்டர் டர்போவுக்கும் டார்க் கன்வெர்ட்டர்தான் பொருத்தினார்கள். பாய்ச்சலில் இவை கொஞ்சம் பின்தங்கும். மாலை ஏழு மணிப் பெருங்குடியில் அந்தப் பாய்ச்சலுக்கு வேலையே இல்லை. ஏ.எம்.டி. மலிவு என்று பார்க்கிறவர்கள், அது ஒற்றைக் கிளட்ச் மேனுவலைக் கணினி இயக்குவது என்பதை அறிந்து வாங்கட்டும். அதற்கும் இந்த ஊர்தல் சிக்கல் உண்டு, ஆனால் பழுதானால் செலவு குறைவு.

முழங்கால் தேய்மானம் உள்ளவர், இடுப்பு வலி உள்ளவர், வீட்டில் கிளட்சைக் கண்டாலே தயங்கும் ஒருவரும் காரை எடுக்க வேண்டியிருப்பவர், இவர்களிடம் மேனுவலின் பெருமையைப் பேசக்கூடாது. வலியோடு ஓட்டுவது பாதுகாப்பும் அல்ல. இவர்களும் முதலில் டார்க் கன்வெர்ட்டரையோ ஈரக் கிளட்சையோ பார்க்கட்டும்.

ஈரோடு, தஞ்சாவூர், நாகர்கோவில் போன்ற ஊர்களில் இருந்து, ஊருக்குள் பைக்கில் போய்விட்டு, காரை வெளியூர்ப் பயணங்களுக்கே எடுப்பவர்கள் இருக்கிறார்கள். வியாபார விஷயமாக மாதம் மூவாயிரம், நாலாயிரம் கிலோமீட்டர் நெடுஞ்சாலையில் ஓடுபவர்களும் இருக்கிறார்கள். டி.சி.டி. இவர்களுக்காகவே செய்தது போலப் பொருந்தும். அங்கே கிளட்ச் வழுக்குவதே நாளுக்குச் சில தடவைதான். நகரத்துக்காரர் ஆட்டோமேட்டிக் வாங்கட்டும், நெடுஞ்சாலைக்காரர் மேனுவல் வாங்கட்டும் என்ற வழக்கமான யோசனை இவர்கள் விஷயத்தில் முழுக்கத் தவறு.

மேனுவலை யார் எடுக்க வேண்டும்? ஒரே காரை பத்து, பன்னிரண்டு ஆண்டுகள் வைத்திருக்க நினைப்பவர். வாரண்டி முடிந்த பின்னும் நம்பி ஓட்ட வேண்டும் என்பவர். நல்ல சர்வீஸ் சென்டர் தொலைவில் உள்ள ஊர்க்காரர். கியர் போடுவதில் மனதார மகிழ்ச்சி கொள்கிறவர். கடைசியாகச் சொன்னதும் மதிப்புள்ள காரணம்தான். 253 நியூட்டன் மீட்டர் இழுக்கும் எஞ்சினை மூன்றாம் கியரில் நாமே பிடித்து வளைவிலிருந்து வெளியே கொண்டுவருவதில் ஒரு நிறைவு இருக்கிறது. அதை வேண்டாம் என்று யாரும் வலியுறுத்த வேண்டியதில்லை.

ஓட்டிப் பார்க்கும்போது

காலியான சாலையில் காலை பதினோரு மணிக்கு டெஸ்ட் டிரைவ் எடுத்தால் எந்த டி.சி.டி.யும் மனதைப் பறித்துவிடும். மாலை ஆறு மணிக்குப் போங்கள். அடுக்குமாடிக் கட்டடத்தின் அடித்தள பார்க்கிங் சரிவு ஒன்றில் ஏறிப் பாருங்கள். நடுச் சரிவில் நிறுத்தி மறுபடி கிளப்புங்கள். அதே சரிவில் ரிவர்ஸில் ஏற்றிப் பாருங்கள். குறுகிய தெருவில் முன்னும் பின்னுமாக நான்கைந்து முறை எடுத்துத் திருப்புங்கள். டார்க் கன்வெர்ட்டர் இவற்றை வழுவழுப்பாகச் செய்யும், டி.சி.டி. தயங்குகிறதா, உதறுகிறதா என்பது இங்கேதான் தெரியும். மேனுவல் வண்டியில் இதே சரிவில் கிளட்ச் எவ்வளவு கனமாக இருக்கிறது, பிடிக்கும் இடம் காலுக்குச் சட்டென்று அகப்படுகிறதா என்று பாருங்கள்.

எல்லாம் பார்த்த பிறகும் டி.சி.டி.தான் என்று முடிவெடுத்து நகரத்துக்குள்ளும் ஓட்டப் போகிறீர்கள் என்றால், மேனுவல் ஓட்டுபவரின் பழக்கத்தைக் கடன் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு கார் நீளம் இடம் விழும்வரை பிரேக்கை அழுத்தமாகப் பிடித்தபடி நில்லுங்கள். அப்போது கிளட்ச் முழுதாக விலகி ஓய்வில் இருக்கும். பிரேக்கை அரைகுறையாகத் தொட்டபடி ஊராதீர்கள். நின்ற வண்டியில் பிரேக்கைத் தானே பிடித்து வைக்கும் ஆட்டோ ஹோல்டு வசதி இருந்தால் எப்போதும் போட்டு வையுங்கள். நெடுநேரம் நிற்க வேண்டுமென்றால் பார்க்கிங் நிலையான 'பி'க்கு மாற்றிவிடுங்கள். சரிவில் நிறுத்தும்போது முதலில் ஹேண்ட்பிரேக், பிறகு 'பி'. இல்லாவிட்டால் வண்டியின் முழு எடையும் கியர்பாக்ஸுக்குள் இருக்கும் ஒரு சிறு கொக்கியில் தொங்கும்.

பழைய கார் வாங்குபவர்களுக்கு இதே கணக்கு இன்னும் கண்டிப்பாகப் பொருந்தும். மேனுவலில் கிளட்ச் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க எளிய வழி உண்டு. ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு, எஞ்சின் ஓடும்போது மூன்றாம் கியரைப் போட்டுக் கிளட்சை மெதுவாக விடுங்கள். எஞ்சின் அணைந்துவிட்டால் கிளட்ச் நன்றாகப் பிடிக்கிறது. அணையாமல் ஓடிக்கொண்டே இருந்தால் வழுக்குகிறது. ஒருமுறை போதும், திரும்பத் திரும்பச் செய்தால் அதுவே தேய்த்துவிடும். டி.சி.டி.யில் இப்படிச் சுருக்கமான சோதனை கிடையாது. அரை மணி நேரமாவது ஓட்டி, எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு நெரிசலில் விட்டுப் பார்க்க வேண்டும். நிறுவன சர்வீஸ் சென்டரில் ஸ்கேனர் போட்டுக் கியர்பாக்ஸ் பிழைப் பதிவுகளை எடுத்துத் தரச் சொல்ல வேண்டும். ஓடோமீட்டரைப் பார்த்து மட்டும் முடிவெடுக்காதீர்கள். நெடுஞ்சாலையில் 40,000 கிலோமீட்டர் ஓடிய டி.சி.டி.யின் கிளட்ச், நகருக்குள் 15,000 கிலோமீட்டர் ஊர்ந்த காரின் கிளட்சைவிட நல்ல நிலையில் இருக்கலாம். சர்வீஸ் பில்களைக் கேட்டு வாங்கி, அந்த வண்டி எந்த ஊரில் ஓடியது, ஆண்டுக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று பாருங்கள். ஆண்டுக்கு ஐயாயிரம், ஆறாயிரம் கிலோமீட்டர் மட்டுமே ஓடியிருக்கிறது, பில்கள் எல்லாம் சென்னை நகருக்குள்ளேயே போட்டவை, வாரண்டியும் முடிந்துவிட்டது என்றால், விலை எவ்வளவு குறைவாகச் சொன்னாலும் அந்த டி.சி.டி.யை விட்டுவிட்டு அடுத்த காரைப் பார்க்கப் போங்கள்.